சிதம்பரம் போய்த் திரும்ப ஒரு பகல்

காரின் பின் இருக்கையில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தலைக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒன்று, முதுகுக்குப் பின்னால் சுருட்டி வைத்த போர்வை. ஜன்னலில் தெரிந்ததெல்லாம் மின்கம்பிகளும் வானமும்தான். கார் கடலூர் முதுநகரைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

“மாமா, இப்ப தூக்கிப் போட்டுச்சா?” என்று முன்னாலிருந்து கேட்டான் சேவியர்.

“போட்டுச்சு. வயித்துல வந்து இடிக்குது. இன்னும் மெதுவா ஏறி எறங்கு.”

“இதுக்கு மேல மெதுவான்னா எறங்கித் தள்ளிக்கிட்டுதான் போவணும்.”

சேவியர் என் மனைவி லூர்துமேரியின் தம்பி. டிராவல்ஸ் கார் ஓட்டுபவன். சவாரி இல்லாத நாளில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வண்டியைக் கொண்டுவந்திருந்தான்.

செம்மங்குப்பம் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தியபோது, எங்கள் கம்பெனி ஃபிட்டர் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி ஜன்னலில் தலையை நீட்டினார்.

“ஐயையோ, இன்னாபா ஆச்சு? நேத்து ஷிப்ட்ல நல்லாத்தான இருந்த?”

“ஒண்ணும் இல்லண்ணே. ரோடு பாக்கறேன்.”

“படுத்துக்கிட்டா?”

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் அந்த இடத்தில் அதே மாதிரி படுத்து வரப்போகிறவள் லூர்து. ஏழாம் மாதம். அவளைக் கடலூரிலிருந்து சிதம்பரம் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, பொழுது சாய்வதற்குள் வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவள் வயிற்றில் என்ன படும் என்று தெரிந்துகொள்ள நான் படுத்துப் பார்த்தேன். ஃபிட்டர் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க எனக்கு முதுகெலும்பு போய்விட்டதாகச் சொல்லி முடித்திருந்தார்.

மூன்றாவது தடவை

இதுவரை இந்தத் தொடரில் பாய்லரைப் பற்றியும் கேண்டீனைப் பற்றியும் எழுதிவந்தேன். வீட்டைப் பற்றி எழுத லூர்து இப்போதுதான் சம்மதித்தாள். “எழுதுங்க, ஆனா என்ன அழுமூஞ்சியா எழுதாதீங்க” என்பது அவள் நிபந்தனை.

முதல் குழந்தை மூன்றாம் மாதமே கலைந்தது. இரண்டாவது, ஐந்து மாதம் முடிந்த பிறகு. அந்தச் சமயம் அவள் புதுச்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினம் பஸ்ஸில் போய் வருவாள். “அந்த ரோட்டுல போனா கல்லுகூட ஒடஞ்சிடும், கரு எப்படி நிக்கும்?” என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா அதெல்லாம் காரணமே இல்லை என்றார். கர்ப்பப்பையின் வாய் பலமில்லாமல் இருக்கிறது, அடுத்த தடவை நாலாம் மாதத்தில் தையல் போட்டுவிட்டால் தாங்கும் என்று பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். ஆனாலும் அந்த ரோட்டின் மேல் எனக்கிருந்த பகை போகவில்லை.

மூன்றாவது தடவை சொன்னபடியே தையல் போட்டார். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார். அதன் பிறகு அவர் கணவருக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு சிதம்பரம் போய்விட்டார். போகும்போது லூர்துவின் கன்னத்தைத் தட்டி, “ஏழாம் மாசம் ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போ. கார்ல மெதுவா வா, அன்னிக்கே திரும்பிடலாம்” என்றார்.

பாண்டிச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, எதற்குச் சிதம்பரம் என்று கேட்காதவர்கள் இல்லை. நானும் கேட்டேன்.

“அந்தம்மாவுக்கு என் உடம்பு தெரியும். வேற ஆளுகிட்ட முதல்லேருந்து கத சொல்ல என்னால முடியாது” என்றாள் லூர்து.

ரயிலும் கிடையாது. அகலப் பாதை போடுகிறோம் என்று பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்த வருடங்கள் அவை. அந்த வருடம் மழை வேறு ஜாஸ்தி. ரோட்டில் தார் எங்கே, குழி எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பழுதான பஸ்

அந்த ரோட்டை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. லூர்துவை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

நான் திட்டக்குடிக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, வேலை கேட்டுக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அலைந்துகொண்டிருந்த காலம். ஒரு மத்தியானம் ஆலப்பாக்கம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். அடுத்து வந்த பஸ்களில் ஏற இடமில்லை. கையில் புத்தகங்களோடு நின்ற ஒரு பெண், கண்டக்டரிடம் போய் மிச்ச தூரத்துக்கான காசைத் திருப்பிக் கொடு என்று சட்டம் பேசினாள். அவர் கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் அவர் ஒரு லாரியை மறித்துப் பெண்களை மட்டும் ஏற்றி அனுப்பினார். லாரி கிளம்பும்போது அவள் வெற்றி பெற்றவள் மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த பல வாரம் அதே பஸ்ஸில் போனேன்.

கல்யாணம் சர்ச்சில் நடந்தது. என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. லூர்துவுக்கு அப்பா அம்மா இல்லை. ஆக எங்களுக்கென்று ஓடிவர சேவியர் ஒருவன்தான்.

ஆயிரம் யோசனை

ஒத்திகை பார்த்துத் திரும்பியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். குறிஞ்சிப்பாடி போய்ப் புவனகிரி வழியாகச் சுற்றிப் போனால் என்ன என்று தோன்றும். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வழியையும் பார்த்துவிட்டு வருவேன். அங்கே குழி குறைவு, ஆனால் தூரம் ஜாஸ்தி, லாரி ஜாஸ்தி. மறுபடி பழைய வழியே தேவலை என்று முடிவாகும். காலையில் அந்த முடிவும் மாறிவிடும்.

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஆட்டம் தெரியாது என்றார் ஒருவர். டிக்கியில் மணல் மூட்டை போட்டால் வண்டி படிந்து போகும் என்றார் இன்னொருவர். இரண்டையும் செய்தேன். வழியில் கெமிக்கல் கம்பெனிகள் பக்கம் வாடை வரும் என்று, நனைத்துப் பிழிந்து மூடிக்கொள்ளத் துண்டுகள் எடுத்துவைத்தேன். குடிக்க வெந்நீர், வாந்தி வந்தால் கவர், ஸ்டெப்னிக்கு மேல் ஒரு ஸ்டெப்னி.

லூர்து கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். மாதக்கணக்கில் அந்த ஒரே அறை, அதே ஃபேன், அதே காலண்டர். அவளுக்கு வேறு அவஸ்தை.

“ஏங்க, நீங்க ரோடு பாக்கப் போறீங்களா, இல்ல ரோடு போடப் போறீங்களா?”

“நீ சும்மா படு. எங்கெங்க குழின்னு எனக்குத் தெரியணும்ல?”

“நான் படுத்துக்கிட்டு வர மாட்டேன். உக்காந்துதான் வருவேன்.”

“இன்னாது?”

“மழ பெஞ்சு வயலெல்லாம் பச்சையா இருக்கும். இத்தன நாள் கழிச்சு வெளிய போறேன், கார் கூரையப் பாத்துக்கிட்டு வரச் சொல்றீங்களா? அப்புறம் சிதம்பரத்துல இட்லியும் கொத்சும் வேணும். கத்திரிக்கா கொத்சு.”

எனக்குக் கோபம் வந்தது. நான் எதை நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறேன், இவள் என்ன கேட்கிறாள் என்று சத்தம் போட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்று பதறிப் போய்த் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“டிக்கியில மணல் மூட்ட எதுக்குன்னு சேவியர் கேட்டான். மாமா வீடு கட்டப் போறாருன்னு சொன்னேன்.”

புறப்பட்டோம்

காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பினோம். லூர்து தலை பின்னி, பூ வைத்து, நீலப் புடவை கட்டியிருந்தாள். முன் சீட்டுக்குக் கீழே ஒரு துணிப் பையைத் தம்பியிடம் கொடுத்து வைக்கச் சொன்னாள். “இன்னா பை?” என்றேன். “மாத்துப் பொடவ” என்றாள்.

பேச்சுவார்த்தையின் முடிவில், சாய்ந்து உட்காரலாம், கால் நீட்டியிருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் அவள் கால்மாட்டில் பாதி சீட்டில் ஒட்டிக்கொண்டேன். சேவியர் அன்றைக்குக் கார் ஓட்டியது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. எனக்குத் தெரிந்த குழி ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னாலேயே நான் கத்தினேன். தெரியாத குழிகளும் வந்தன. முந்தின வாரம் பார்த்த ரோடு இந்த வாரம் இல்லை.

லூர்து ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவ்வப்போது பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் கூசுகிறது என்று நினைத்தேன்.

குடங்கள்

ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் வரிசையாக நின்றன. பஸ், லாரி, டெம்போ. டிரைவர்கள் இறங்கிப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மறியல் மாமா. குழாயில குடிதண்ணி வரலையாம்” என்று விசாரித்துவிட்டு வந்தான் சேவியர். “தாசில்தார் வந்தாதான் எழுந்திருப்பாங்களாம். குறிஞ்சிப்பாடி வழிக்குத் திரும்பிடலாமா?”

திரும்பினால் அதே குழிகளில் மறுபடி ஏறி இறங்க வேண்டும். பிறகு அந்தச் சுற்றுவழி முழுவதும் போக வேண்டும். நான் இறங்கி முன்னால் ஓடினேன்.

ரோட்டின் குறுக்கே வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். அவற்றுக்குப் பின்னால் வெட்டிப்போட்ட வேலிக்காத்தான் முள். அதற்கும் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் ஏதோ சொன்னேன்.

“ஆஸ்பத்திரின்னுதான் காலையிலேருந்து எல்லாரும் சொல்றாங்க” என்றார் நடுவில் இருந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் அவரை வசந்தாக்கா என்று கூப்பிட்டார்கள். “இப்பதான் ஒருத்தன் அம்மாவுக்கு உசுரு போவுதுன்னான். போய்ப் பாத்தா வண்டியில கோழி.”

“நீங்களே வந்து பாருங்கக்கா.”

வந்தார். ஜன்னலில் குனிந்து லூர்துவைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“எத்தினி மாசம்மா?”

“ஏழு. தையல் போட்டிருக்கு.”

வசந்தாக்கா திரும்பி, “ஏய், முள்ள இழுங்கடி” என்று குரல் கொடுத்தார். ஆனால் நடுவில் ஒரு பஸ்ஸை அப்படியே குறுக்கே நிறுத்தி, டிரைவர் சாவியோடு எங்கேயோ போயிருந்தார். கார் போவதானால் தாரை விட்டு மண் சரிவில் இறங்கி, பஸ்ஸைச் சுற்றி, மறுபடி மேலேற வேண்டும். சரிவு முழங்கால் ஆழம் இருந்தது.

“இதுல எறக்குனா வண்டி கவுந்துடற மாதிரி சாயும் மாமா” என்றான் சேவியர்.

லூர்துதான் கதவைத் திறந்தாள்.

“நான் எறங்கி நடக்கறேன். வண்டி காலியா சுத்தி வரட்டும்.”

“வேணாம். லூர்து, வேணாம்மா. நான் தூக்கிக்கறேன்.”

“நீங்க தூக்குனா ரெண்டு பேரும் விழுவோம்.”

வசந்தாக்கா ஒரு பக்கம், இன்னொரு பெண் மறு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அவள் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ரோட்டில் கால் வைத்தாள். நாலாம் மாதத்துக்குப் பிறகு அவள் வெளியில் நடப்பதை அப்போதுதான் பார்த்தேன். பெண்கள் குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள். ஒருத்தி பையன் என்றாள், இன்னொருத்தி இடுப்பைப் பார்த்துவிட்டுப் பொண்ணுதான் என்றாள், அதற்குள் அங்கே ஒரு வாக்குவாதம் நடந்தது. லூர்துவும் அதில் சேர்ந்துகொண்டாள். நான் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நடுவில் ஒரு தடவை அவள் நின்றாள். வசந்தாக்காவின் கையை இறுகப் பற்றினாள். வசந்தாக்கா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், கார் ஒரு பக்கம் சாய்ந்து முனகிக்கொண்டே மேலேறி வந்தது. டிக்கியிலிருந்த மணல் மூட்டைகள் உருண்டு இடிக்கும் சத்தம் கேட்டது. லூர்துவை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வசந்தாக்கா என்னைத் தனியாக இழுத்தார்.

“தம்பி, எங்கயும் நிறுத்தாத. நேரா போ.”

எனக்கு அப்போது புரியவில்லை.

டாக்டரம்மா கேட்டது

வெள்ளாற்றுப் பாலம் தாண்டிச் சிதம்பரத்துக்குள் நுழைந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எனக்கு ஒரே பெருமை. கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். காட்டிவிட்டு, கொத்சு சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் கிளம்பினால் வெளிச்சத்தோடு வீடு. மறியல் அதற்குள் முடிந்திருக்கும். வராண்டாவில் நடந்துகொண்டே சேவியரிடம் திரும்பிப் போகும் வழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். லூர்து மேஜையில் படுத்திருந்தாள். கையில் ஏற்கெனவே ஊசி ஏற்றியிருந்தார்கள்.

“வலி எப்பேர்ந்து இருக்குன்னு உங்ககிட்ட சொன்னாளா?”

நான் லூர்துவைப் பார்த்தேன்.

“காலையில தல பின்னும்போதே லேசா இழுத்துச்சு” என்றாள் அவள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

“ஏன் சொல்லல? ரோட்டுல நடந்தியே! ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா கார எடுத்திருப்பீங்களா? பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருப்பீங்க. போன தடவ படுத்த அந்தக் கட்டில்ல மறுபடி போய்ப் படுக்க என்னால முடியாதுங்க.” அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “இந்தம்மாகிட்ட வந்து சேரணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்.”

“நடந்ததால ஒண்ணும் ஆகல” என்றார் டாக்டரம்மா என்னைப் பார்த்து. “ஆனா இனிமே வண்டியில ஏத்த முடியாது. வலிய நிறுத்தப் பாக்கறேன். எத்தன நாள் தள்ளிப்போட முடியுதோ அத்தன நாள் நல்லது. இங்கயே இருக்கட்டும்.”

சேவியர் காரிலிருந்த துணிப் பையைக் கொண்டுவந்தான். மாற்றுப் புடவை இருந்தது. அதற்குக் கீழே துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள், ஒரு சின்னத் துண்டு, ஜெபமாலை. போய்த் திரும்புவதற்கு நான் அத்தனை வழி யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் கட்டிலில் படுத்தபடி, போனால் தங்க நேரலாம் என்று தயாராகியிருந்தாள்.

சாயங்காலம் சேவியர் காலி வண்டியோடு கடலூர் கிளம்பினான். போவதற்கு முன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா எப்பவும் இப்படித்தான் மாமா” என்றான்.

காத்திருந்த நாட்கள்

ஊசியில் வலி அடங்கியது. மறுபடி வந்தது, மறுபடி அடங்கியது. கம்பெனிக்கு போன் செய்து லீவை நீட்டினேன். பிறகு இன்னும் நீட்டினேன். பார்வை நேரம் போக மற்ற நேரமெல்லாம் தேர் ஓடும் நாலு வீதிகளையும் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு கடையில் கொத்சு வாங்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கொஞ்சம் சாப்பிட அனுமதித்தார். லூர்து விரலை நக்கிவிட்டு, “கத்திரிக்கா இன்னும் கொஞ்சம் சுட்டிருக்கணும்” என்று குறை சொன்னாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நர்சுகள் என்னைக் கண்டால் ஒதுங்குவார்கள். அத்தனை கேள்வி கேட்டேன். அவர்களில் ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும், “அண்ணா, ஒரு எடத்துல உக்காருங்க. உங்களப் பாத்தா எங்களுக்கே மயக்கம் வருது” என்று நேரடியாகச் சொல்லிவிட்டார்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. தையலைப் பிரித்துவிட்டோம் என்று வந்து சொன்னார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் வராண்டாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். உள்ளிருந்து லூர்துவின் குரல் கேட்கும்போதெல்லாம் ஓடிவந்து கதவைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு வேறொரு குரல் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி மெல்லியது. முதலில் அதை நான் நம்பவில்லை. மறுபடி கேட்டது, இந்தத் தடவை கோபமாக.

“பொண்ணு” என்றார் டாக்டரம்மா வெளியே வந்து. “எடை கம்மி. கொஞ்ச நாள் சூட்டுப் பெட்டியில வைக்கணும். ஆனா கத்தற கத்தப் பாத்தா பயப்படத் தேவையில்ல.”

கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்த முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

லூர்துவைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. “பாத்தீங்களா?” என்றாள். தலையாட்டினேன். “யாரு மாதிரி இருக்கா?” என்றாள். சிவப்பாக இருக்கிறாள் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தூங்கிப் போனாள்.

கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை ஸ்டெல்லா சிஸ்டர்தான் எனக்குச் சொன்னார். மத்தியானம் வார்டைக் கூட்டிக் கழுவ ஆயாம்மா வாளியோடு வந்திருக்கிறார். தரையில் குறுக்கே ஒருவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான். அவர் துடைப்பத்தால் என் காலைத் தட்டப்போக, விழித்திருந்த லூர்து கையை நீட்டித் தடுத்தாளாம்.

“எழுப்பாதீங்கம்மா. கடலூர்லேருந்து வந்திருக்காரு. ரொம்ப தூரம்.”